டாக்டர் ஹூ ‘பிளிங்க்’ பார்த்துவிட்டு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை (கதை முழுக்க வரும், பார்க்காதவர்கள் படிக்க வேண்டாம்)

முத்தியால்பேட்டை மல்லி எழுதியது:

சரி, இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் சொன்னால் ‘சிலைக்குப் போய் யாராவது பயப்படுவார்களா’ என்று கேட்கிறார்கள். இங்கே இருப்பவர்களுக்காவது புரியும் என்று எழுதுகிறேன்.

பாரீஸில் இருக்கிற அத்தை மகன் போன முறை புதுச்சேரி வந்தபோது டாக்டர் ஹூ மூன்றாம் சீசன் டிவிடி பெட்டியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அந்தத் தொடரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நீலப் பெட்டி, அதில் ஏறிக் காலத்தில் முன்னும் பின்னும் போய்வருகிற ஒருவர், அவ்வளவுதான். ‘முன்கதை எதுவும் வேண்டாம், பத்தாவது எபிசோடை மட்டும் போட்டுப் பார்’ என்று சொல்லியிருந்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு மாடி அறையில் விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகப் போட்டேன்.

2007 ஜூன் 9 அன்று பிபிசியில் வந்த எபிசோடாம். எழுதியவர் ஸ்டீவன் மொஃபாட், இயக்கியவர் ஹெட்டி மெக்டொனால்ட். டாக்டர் கொஞ்ச நேரம்தான் வருகிறார், கதை முழுக்க சாலி ஸ்பாரோ என்ற பெண்ணுடையது, கேரி மல்லிகன் நடித்திருக்கிறார். பாழடைந்த ஒரு பெரிய வீட்டுக்குள் படம் எடுக்கப் போகிறாள், சுவரில் ஒட்டிய காகிதத்தை உரித்தால் அடியில் அவளையே பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுதியிருக்கிறது, அழுகிற சம்மனசிடம் (தேவதூதரிடம்) ஜாக்கிரதையாக இரு, இப்போதே குனி என்று. குனிகிறாள், ஜன்னலை உடைத்துக்கொண்டு தலைக்கு மேலே ஒரு கல் பறக்கிறது. எழுதியவர் டாக்டர், போட்டிருக்கிற வருஷம் 1969.

அந்த வீட்டைச் சுற்றிக் கல் சம்மனசுகள், கையால் முகத்தை மூடிக்கொண்டு. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் வரை அவை வெறும் கல். கண்ணை எடுத்தால், ஒரே ஒரு தடவை இமைத்தால் போதும், பக்கத்தில் வந்துவிடும். தொட்டால் சாகடிப்பது இல்லை, உங்களைப் பழைய காலத்துக்கு அனுப்பிவிடும், நீங்கள் இங்கே வாழாமல் போன நாட்களை அது சாப்பிடும். சாலியின் தோழி கேத்தி உள்ளே நின்றுகொண்டிருக்கிறாள், அதே நிமிஷம் வாசல் மணி அடிக்கிறது, ஒருவர் கடிதம் கொண்டுவருகிறார். எழுதியவள் கேத்தி. 1920க்குப் போய், கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, கிழவியாகி, செத்தும் போய்விட்டாள், கடிதம் கொண்டுவந்தவர் அவளுடைய பேரன். இங்கே நான் டிவிடியை நிறுத்தி எழுந்து போய் விளக்கைப் போட்டேன், கை சில்லென்று இருந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது துய்மா வீதி வழியாகத்தான் போக வேண்டும். கப்ஸ் கோயிலுக்கு எதிரே இருக்கிற, பிரெஞ்சு வீராங்கனை ழான் தார்க்குடைய வெள்ளைச் சிலையைச் சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பேன். அன்றைக்கு வண்டியை மெதுவாக்கி, அந்தச் சிலையைத் தாண்டுகிற வரை கண்ணை எடுக்காமல் போனேன். அந்தக் கோயிலின் பிரெஞ்சுப் பெயருக்கே சம்மனசுகளின் மாதா என்றுதான் அர்த்தம், அது வேறு அன்றைக்குப் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது.

ஆனால் உண்மையில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது சிலைகள் ஓடிவருகிற இடம் இல்லை. பில்லி என்ற அந்தப் போலீஸ்காரர். சாலியிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டுப் போகிறார், இளைஞர், மழை பெய்துகொண்டிருக்கிறது. சில நிமிஷத்தில் அவளுடைய போன் அடிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், கட்டிலில் சாகப்போகிற கிழவராக அதே பில்லி. ஜன்னலில் அதே மழை. அவர் 1969க்குப் போய் அத்தனை வருஷம் வாழ்ந்து திரும்ப வந்து சேர்ந்துவிட்டார், அவளுக்கு இன்னும் அந்த மழை விடவில்லை. இதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது, ஏன் இவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

----

கடலூர் ஓ.டி. எழுதியது:

மல்லி அக்கா, எனக்கு ஆகியிருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். நான் இதை முதலில் பார்த்தது 2012 பிப்ரவரியில். தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலை எங்கள் ஊருக்கும் உங்கள் ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது, நினைவிருக்கும். கடலூர் மாவட்டத்தில் கம்பம் எல்லாம் முறுக்கிக்கொண்டு விழுந்து கிடந்தன, பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோடு போயிற்று. எங்கள் தெருவுக்குக் கரண்டு வரப் பல வாரம் ஆனது. கடலூர் முதுநகரில் பழைய ஓட்டு வீடு, ராத்திரி ஆனால் ஒரே ஒரு சிம்னி விளக்கு, காற்றடித்தால் நிழல் எல்லாம் சுவரில் நகரும். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் ஒரே பாயில் படுத்துக்கொள்வோம்.

கரண்டு வந்த பிறகு சித்தப்பா மகனுடைய மடிக்கணினியில் இதைப் போட்டான். கடைசியில் நிலவறையில் சாலியும் கேத்தியின் சகோதரன் லாரியும் மாட்டிக்கொள்கிறார்களே, நான்கு சம்மனசுகள், மேலே ஒரே ஒரு பல்பு, அதில் ஒரு சம்மனசு மட்டும் இவர்களைப் பார்க்காமல் பல்பைப் பார்த்து விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறது, பல்பு மினுக்கத் தொடங்குகிறது. அந்த இடத்தில் நான் எழுந்து வெளியே ஓடிவிட்டேன், அம்மா என்னடா என்று பதறிவிட்டார். இருட்டு வந்தால் அவர்கள் நகர்வார்கள், அதனால் அவர்கள் இருட்டையே வரவழைக்கிறார்கள். விளக்கு இல்லாமல் ஒன்றரை மாதம் படுத்துக் கிடந்தவனுக்கு அதைவிடப் பெரிய பேய்க்கதை யாரும் சொல்ல முடியாது. இன்றைக்கும் மின்விசிறி வேகம் குறைந்து விளக்கு மங்கினால் அந்த விரல்தான் முதலில் ஞாபகம் வரும்.

இன்னொன்று, அந்தச் சம்மனசுகள் சிலை இல்லை. நடிகைகளுக்குத்தான் வேஷம் போட்டு அசையாமல் நிற்க வைத்தார்கள். பெண்கள் மூச்சைப் பிடித்து நிற்கிறார்கள் என்று தெரிந்தபிறகு மறுபடி பார்த்தேன், பயம் குறையவில்லை, கூடிவிட்டது. கல்லில் செதுக்கியிருந்தால் இந்த உயிர் வராது.

----

நடுராத்திரி ரசிகன் எழுதியது:

இரண்டு பேருக்கும் மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. பிளிங்க் அருமையான எபிசோடு, 2008ல் அறிவியல் புனைகதைகளுக்குத் தருகிற ஹியூகோ விருது வாங்கியது, ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தொடரிலேயே பயம் என்றால் ‘மிட்நைட்’தான். 2008 ஜூன் 14 அன்று வந்தது, ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதியது. டாக்டர் ஒரு சுற்றுலா வண்டியில் போகிறார், வெளியே மனிதர் யாரும் உயிரோடு நிற்கவே முடியாத கிரகம், வண்டி நின்றுவிடுகிறது, வெளிப்பக்கத்திலிருந்து யாரோ தட்டுகிறார்கள். அவ்வளவுதான். அது என்ன என்று கடைசி வரை காட்டவே இல்லை. ஸ்கை என்ற பெண்ணுக்குள் புகுந்து, முதலில் எல்லோரும் பேசுவதைத் திருப்பிச் சொல்கிறது, அப்புறம் கூடவே சேர்ந்து சொல்கிறது, அப்புறம் டாக்டருக்கு முன்னாலேயே சொல்கிறது, அவர் பின்னால் திருப்பிச் சொல்கிறவராக ஆகிவிடுகிறார். பேச்சால் உலகத்தையே காப்பாற்றுகிற ஒருவருடைய பேச்சைப் பிடுங்கிவிட்டது.

அதைவிடப் பயங்கரம் வண்டியில் இருந்த மற்றவர்கள். நல்ல குடும்பம், படித்த பேராசிரியர், காலையில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர்கள், ஒரு மணி நேரத்தில் ‘அவனைத் தூக்கி வெளியே போடு’ என்று கத்துகிறார்கள். கடைசியில் வண்டியின் பணிப்பெண் அந்த ஸ்கையைப் பிடித்துக்கொண்டு தானும் சேர்ந்து வெளியே விழுந்து எல்லோரையும் காப்பாற்றுகிறாள். பிறகு டாக்டர் அவள் பெயர் என்ன என்று கேட்கிறார். ஒருவருக்கும் தெரியவில்லை.

சிலைக்குப் பயந்தால் சிலை இல்லாத இடத்துக்குப் போய்விடலாம். பக்கத்து சீட்டுக்காரருக்குப் பயந்தால் எங்கே போவது? கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறவன் நான், அதனால் சொல்கிறேன்.

----

முத்தியால்பேட்டை மல்லி எழுதியது:

//ஒருவருக்கும் தெரியவில்லை//

இதைப் படித்ததுமே எனக்குக் குளிர்கிறது, ரசிகன் சார். அதையும் பார்க்கிறேன், பகலில். ஆனால் இரண்டையும் தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் சொல்வது மனிதர்கள் மேல் வருகிற பயம். நான் சொல்வது நாட்கள் போய்விடுகிற பயம், அதை யார் மேலும் கோபித்துக்கொள்ள முடியாது.

ஒரு சந்தேகம், இங்கே அறிவியல் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ‘பார்த்துக்கொண்டே இருந்தால் அசையாது’ என்பதற்கு டாக்டர் குவாண்டம் என்று ஏதோ சொல்கிறார். அது சும்மா வாய்க்கு வந்த வார்த்தையா, இல்லை நிஜமாகவே எதாவது இருக்கிறதா?

----

நெல்லிக்குப்பம் வாத்தியார் எழுதியது:

இருக்கிறது அம்மா, அதுவும் நம் பக்கத்து ஆள் சம்பந்தப்பட்டது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவன் நான், இந்த எபிசோடை வைத்தே ஒரு வகுப்பு எடுத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுத அனுமதி வேண்டும்.

1977ல் பைத்யநாத் மிஸ்ரா, இ.சி.ஜி. சுதர்சன் என்ற இருவர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சுதர்சன் கோட்டயத்துக்காரர், படித்தது சென்னைக் கிறித்துவக் கல்லூரியில், பிறகு 1980களில் தரமணியில் இருக்கிற கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தவர். அவர்கள் காட்டியது இதுதான்: ஒரு அணு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது டக்கென்று மாறுவது இல்லை, ஆரம்பத்தில் மாறும் வாய்ப்பு மிக மிக மெதுவாகத்தான் ஏறும். அந்த ஆரம்பத்திலேயே நாம் அளந்து ‘நீ எந்த நிலையில் இருக்கிறாய்’ என்று கேட்டுவிட்டால், பெரும்பாலும் பழைய நிலையில்தான் இருக்கிறேன் என்று பதில் வரும், அளந்த உடனே அதன் பயணம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி விடாமல் அடிக்கடி அளந்துகொண்டே இருந்தால் அது மாறவே முடியாமல் அங்கேயே நின்றுவிடும். பால் பொங்கப் போகிற நேரத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு கை தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் பொங்காது அல்லவா, ஏறக்குறைய அந்த மாதிரி. பறக்கிற அம்பு எந்த நொடியில் பார்த்தாலும் ஓரிடத்தில்தான் இருக்கிறது, அப்படியானால் அது எப்படி நகர்கிறது என்று கேட்ட கிரேக்க ஞானி ஜீனோ பெயரால் இதற்கு குவாண்டம் ஜீனோ விளைவு என்று பெயர்.

இது காகிதத்தோடு நிற்கவில்லை. 1990ல் அமெரிக்காவில் சில ஆயிரம் பெரிலியம் அயனிகளை (மின்னூட்டம் ஏறிய அணுக்களை) பொறியில் பிடித்து வைத்து, லேசர் துடிப்புகளால் அடிக்கடி அளந்து பார்த்தார்கள். எவ்வளவு அடிக்கடி அளந்தார்களோ அவ்வளவு குறைவாகத்தான் அயனிகள் நிலை மாறின. அந்தக் குழுவில் இருந்த டேவிட் வைன்லேண்ட் வேறு வேலைகளுக்காக 2012ல் நோபல் வாங்கினார்.

இரண்டு விஷயத்தைப் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். குவாண்டத்தில் ‘பார்ப்பது’ என்றால் கண்ணால் பார்ப்பது இல்லை, அளவிடுதல், மனிதரே தேவை இல்லை, ஒரு ஒளித்துகள் மோதிவிட்டுப் போனாலும் போதும். இரண்டாவது, நம் கண் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 15 முதல் 20 முறை இமைக்கிறது, ஒவ்வொரு இமைப்பும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. அணுவின் கணக்கில் அது யுகம். அதனால் சிலையைக் கண்ணால் முறைத்து நிறுத்த முடியாது. ஆனால் ‘விடாமல் கவனித்தால் மாற்றம் நிற்கும்’ என்ற அடிப்படையை மொஃபாட் எங்கிருந்து எடுத்திருந்தாலும் அது பொய் இல்லை.

----

வில்லியனூர் மண் எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னது பிரமாதம். நான் படிப்புப் பெரிதாக இல்லாதவன், எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். எங்கள் குடும்பம் சுடுமண் வேலை செய்கிற குடும்பம், வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். என் தாத்தா அய்யனார் கோயில்களுக்குக் குதிரை, முனி, காவல் வீரன் எல்லாம் செய்வார். உடம்பு முழுக்க முடித்து வண்ணம் அடித்தாலும் கண்ணை மட்டும் விட்டுவிடுவார். கோயிலுக்குக் கொண்டுபோய்த்தான் கண் திறப்பது. அதற்கு நாள் பார்த்து, விரதம் இருந்து, மற்றவர்களை எல்லாம் விலகி நிற்கச் சொல்லி, நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில் நின்று கருவிழி வைப்பார். சாமியின் முதல் பார்வை மனிதர் மேல் விழக் கூடாது, தாங்க முடியாது என்பார். கண் வைக்கிற வரைக்கும் மண், வைத்த பிறகு சாமி.

எனக்கு ஏழு வயதில் ஒருநாள், கண் வைக்காத முனி ஒன்று எங்கள் சூளைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து இருந்தது, பொழுது சாய்கிற நேரம். அதைப் பார்த்து நான் அழுத அழுகையை அம்மா இன்னும் சொல்வார். கண் பிதுங்கிய முனியைப் பார்த்து நான் பயந்ததே இல்லை, அது காவலுக்கு நிற்கிறது. கண் இல்லாததுதான் பயம். அது யாரைப் பார்க்கப்போகிறது என்று இன்னும் முடிவாகவில்லை.

இந்த எபிசோடில் சம்மனசுகள் அழவில்லை, ஒன்றை ஒன்று பார்த்துவிடக் கூடாது என்று கண்ணை மூடிக்கொள்கின்றன என்று டாக்டர் சொல்லும் இடத்தில் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. கடைசியில் நீலப் பெட்டி மறைந்ததும் நான்கும் ஒன்றை ஒன்று பார்த்தபடி அப்படியே நின்றுவிடுகின்றன. எல்லோரும் அதை வெற்றி என்கிறார்கள். எனக்கு என்னவோ பாவமாக இருந்தது. கூடப் பிறந்தவரை ஏறெடுத்துப் பார்க்கவே முடியாத ஜென்மம்.

----

மஞ்சக்குப்பம் தமிழம்மா எழுதியது:

வில்லியனூர் தம்பி, படிப்பு இல்லை என்று இனிமேல் சொல்லாதீர்கள், நீங்கள் எழுதியதை நான் இரண்டு தடவை படித்தேன்.

இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று, தமிழில் தேவர்களுக்கு இமையவர் என்று ஒரு பெயர் உண்டு, இமைக்காதவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நளன் கதையில் சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நான்கு பேர் தேவர்கள், ஒருவன்தான் உண்மையான நளன். தமயந்தி எப்படிக் கண்டுபிடித்தாள்? கால் தரையில் பட்டவன், மாலை வாடியவன், கண் இமைத்தவன். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இதை நடத்தியிருக்கிறேன், ஆனால் இந்த எபிசோடைப் பேத்தியோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான் இமைப்பது என்பது மனிதனுக்கு எவ்வளவு பெரிய அடையாளம் என்று உறைத்தது. சாலியிடம் இமைக்காதே என்றால், மனுஷியாக இருக்காதே என்று கேட்கிற மாதிரிதான். அவளால் எத்தனை நேரம் முடியும்?

இன்னொன்றும் உண்டு. தொல்காப்பியம் மாத்திரைக்கு என்ன அளவு சொல்கிறது? இயல்பாகக் கண் இமைக்கிற நேரம், அல்லது கை நொடிக்கிற நேரம். குறில் எழுத்து ஒன்றைச் சொல்ல அவ்வளவு பொழுதுதான். நாம் பேசுகிற ஒவ்வொரு எழுத்தையும் இமைப்பால் அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு மாத்திரைக்குள் கேத்தி 1920க்குப் போய்விட்டாள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, பேத்தி என்னைப் பிடித்துக்கொண்டாளா நான் அவளைப் பிடித்துக்கொண்டேனா தெரியாது.

----

நடுராத்திரி ரசிகன் எழுதியது:

அம்மா, நளன் கதையை இப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் கட்சியிலிருந்து பாதி தூரம் இறங்கி வந்துவிட்டேன்.

ஆனால் ஒரு வருத்தத்தைப் பதிவு செய்கிறேன். மொஃபாட்டே 2010ல் சம்மனசுகளைத் திரும்பக் கொண்டுவந்தார், இரண்டு பாகம். சம்மனசின் உருவத்தைத் தாங்கிய படமே சம்மனசாக மாறும் என்று ஒரு புது விதி, டிவி திரையிலிருந்து அது வெளியே வருகிற காட்சி இருக்கிறதே, அதுவரைக்கும் பிரமாதம். அப்புறம் கழுத்தை முறித்துக் கொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். காட்டுக்குள், டாக்டரோடு பயணம் போகிற ஏமி என்ற பெண் கண்ணை மூடிக்கொண்டு நடக்கும்போது சம்மனசுகள் தலையைத் திருப்புவதை நமக்கே காட்டிவிட்டார்கள். பிளிங்கில் ஒரு தடவைகூட அவை அசைவதை நாம் பார்க்க மாட்டோம். கவனித்திருக்கிறீர்களா, கதையில் யாரும் பார்க்காதபோதும், நாம் பார்க்கிறோம் என்பதற்காகவே அவை கல்லாக நிற்கின்றன. நாமும் காவலுக்கு நிற்கிறோம். அந்த ஒப்பந்தத்தை அவர்களே முறித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

2012ல் மன்ஹாட்டனில் நடக்கிற கதையில் சுதந்திர தேவி சிலையையே சம்மனசாக்கியதும் எனக்கு ஒப்பவில்லை, அவ்வளவு பெரிய சிலையை அந்த ஊரில் யாருமே பார்க்காத நேரம் ஒன்று உண்டா? ஆனால் அதில் கடைசியில் ஏமி, கணவன் போன இடத்துக்கே போகத் தானே சம்மனசுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாளே, அந்தக் காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

----

கடலூர் ஓ.டி. எழுதியது:

//நாமும் காவலுக்கு நிற்கிறோம்//

இதற்கு ஆயிரம் +1.

ஒரு கேள்வி பாக்கி. டாக்டர் 1969ல் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார், அது 17 டிவிடிகளில் ஒளிந்திருக்கிறது, சாலி 2007ல் அதற்குப் பதில் சொல்கிறாள், லாரி பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேர் பேச்சையும் எழுதிக்கொள்கிறான். ஒரு வருஷம் கழித்து, இன்னும் 1969க்குப் போகாத டாக்டரைத் தெருவில் பார்த்து அந்தத் தாளைக் கொடுக்கிறாள். அதைப் பார்த்துத்தான் அவர் 1969ல் பேசுகிறார். அப்படியானால் அந்த வசனத்தை முதலில் யோசித்தது யார்? டாக்டரும் இல்லை, சாலியும் இல்லை, லாரி கேட்டதை எழுதினான். வாத்தியார் ஐயா, இதற்கு எதாவது பதில் உண்டா?

----

நெல்லிக்குப்பம் வாத்தியார் எழுதியது:

பதில் இல்லை தம்பி, கதையிலும் இல்லை. கணக்கில் முரண் எதுவும் வராது, வட்டத்தில் எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அதற்கு முந்தைய புள்ளி ஒன்று இருக்கிறது. தொடக்கம் மட்டும்தான் இல்லை. என் மாணவி ஒருத்தி ‘முட்டையும் கோழியும் ஒன்றை ஒன்று கடிதம் போட்டு வரவழைத்த மாதிரி’ என்றாள், அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

மல்லி அம்மா எங்கே, ஆளையே காணோம்?

----

முத்தியால்பேட்டை மல்லி எழுதியது:

இருக்கிறேன் ஐயா. நேற்று ஞாயிற்றுக்கிழமை ஆயாவோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன், அதனால்தான் எழுத முடியவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆயாவுக்கு 83 வயது. ஆங்கிலம் தெரியாது, பிரெஞ்சு கொஞ்சம் தெரியும். மதியம் சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன், முக்கால் மணி நேர எபிசோடு இரண்டு மணி நேரம் ஓடியது. சம்மனசுகளைப் பார்த்து ஆயாவுக்குப் பயமே வரவில்லை. ‘கல்லறையில நிக்கிற சம்மனசுதானடி, நவம்பர் ரெண்டாந்தேதி நாமளே மெழுகுவத்தி வெப்போமே’ என்றார். கேத்தியின் கடிதம் வந்தபோது மட்டும், ‘யாரு கொண்டாந்தது, பேரனா? நல்ல பிள்ளை, சொன்ன நேரத்துக்கு வந்திருக்கான்’ என்றார்.

ஆஸ்பத்திரிக் காட்சி வந்தது. கிழவர் பில்லி. ஆயா ரிமோட்டைப் பிடித்திருந்த என் கையைப் பிடித்தார். ‘நிறுத்து. இவரு இப்பதானே அந்தப் பொண்ணுகிட்ட சிரிச்சிப் பேசினாரு?’ ஆமாம் ஆயா, இது அதே நாள், அதே மழை என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

ஆயாவின் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பல் ஏறியபோது ஆயாவுக்கு ஏழு வயது, 1949. இது மட்டும் எனக்குத் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்தது 1956ல். போகும்போது இங்கே பிரெஞ்சுக் கொடி, வரும்போது இந்தியக் கொடி, 1954 நவம்பர் 1க்கே ஆட்சி கைமாறியாகிவிட்டது. அவர் வாசலில் வந்து நின்றபோது ஆயா அடையாளம் தெரியாமல் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம், முடி முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டி, வேறு ஆளாக. ஏழு வருஷம் போனவர் முப்பது வருஷத்துக்கு வயதாகி வந்தார் என்று ஆயா சொன்னார்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு கவுன் உண்டு, சைகோன் பட்டு, சின்னப் பிள்ளைக்கு ஆனது. சின்ன வயதில் அதை எடுத்து என் பொம்மைக்குப் போட்டுப் பார்த்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். யாருடையது என்று நான் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை, எதோ ஒரு அத்தை குழந்தையாக இருந்தபோது போட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன். நேற்று ஆயா சொன்னார். அவருடைய அப்பா பெட்டியைத் திறந்து முதலில் எடுத்துக் கொடுத்தது அந்தக் கவுனைத்தான். ஏழு வயதுப் பிள்ளைக்கு வாங்கியது. எதிரே நின்றது தாவணி போட்ட பதினான்கு வயதுப் பெண். ‘அவருக்கு நான் வளரவே இல்லடி. அங்கயே நின்னுட்டேன். கவுனைக் கையில வெச்சிக்கிட்டு என்னையும் அதையும் மாத்தி மாத்திப் பாத்தாரு, அப்புறம் திண்ணைக்குப் போயிட்டாரு.’

ஆயா ஒருநாள்கூட அதைப் போட்டது இல்லை, போட முடியாதே. தூக்கிப் போடவும் இல்லை.

முதல் பதிவில் ஏன் இவ்வளவு நெஞ்சு அடைக்கிறது என்று கேட்டிருந்தேன். எனக்குத் தெரியாமலேயே அந்தக் கதைக்கு அடியில்தான் நான் வளர்ந்திருக்கிறேன் போல.

அப்புறம் மிச்சத்தையும் போடச் சொன்னார். சாலி மழை விடும்வரைக்கும் பில்லி பக்கத்திலேயே இருந்தாளா என்று கேட்டார். இருந்தாள் ஆயா என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, நிலவறை, பல்பு, நீலப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்து முடித்தார்.

----

வில்லியனூர் மண் எழுதியது:

அக்கா, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

----

மஞ்சக்குப்பம் தமிழம்மா எழுதியது:

மல்லி, நன்றி என்று மட்டும் சொல்கிறேன் இப்போதைக்கு. அந்தக் கவுன் என்ன நிறம் அம்மா?

----

முத்தியால்பேட்டை மல்லி எழுதியது:

வெளிர் நீலம், கழுத்தில் வெள்ளைப் பூவேலை. மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் மஞ்சள் ஏறியிருக்கிறது. இன்று காலை பரணிலிருந்து இறக்கித் தரச் சொன்னார், மொட்டைமாடியில் நிழலாகப் பார்த்துக் கொடியில் போட்டிருக்கிறார், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மழை வருகிற மாதிரி இருக்கிறது, நான் மேலே போகிறேன்.